மூணு பேர் நோயும் ஒருத்தர் பேரில்

ஊத்தடிப்பட்டியில நாலு பெரிய மனுஷங்க இருந்தாங்க. ஊர்க்காரங்க அவங்களை முட்டாள்கள்னு சொல்லுவாங்க. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அவங்க சொன்ன சொல்லைத் தட்டாதவங்க, அவ்வளவுதான். "கதவைப் பார்த்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போனா, கதவைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. திருடன் ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சா அது வேற இலாகா.

நாலு பேர்ல மூத்தவர் சங்கரநயினார். தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவர். எந்த ஃபாரத்தைக் கண்டாலும் நிரப்பாம விட மாட்டார். அடுத்தது பொன்னுலிங்கம், பலசரக்குக் கடை வச்சிருந்தவர், முப்பது வருஷமா சுகர். மூணாவது மாடக்கண்ணு. பிரஷர் உண்டு, இடது காதுல மெஷினும் உண்டு. நாலாவது பலவேசம், பஸ் கண்டக்டரா இருந்தவர். எழுபத்தொரு வயசாகியும் ஒரு தலைவலி கிடையாது. மத்த மூணு பேருக்கும் இது கொஞ்சம் சங்கடம்தான். கூட்டத்துல ஒருத்தன் மட்டும் நல்லா இருந்தா என்ன மரியாதை?

இந்த நாலு பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. அதுக்குப் பேரு முறை. எந்த வேலையா இருந்தாலும் முறை வச்சு ஒருத்தர் போவார், நாலு பேரும் போன கணக்கு. ரேஷன் கடை வரிசையில ஒருத்தர் நிப்பார். கல்யாண வீட்டுக்கு ஒருத்தர் போவார், நாலு இலையில உக்காந்து எந்திரிப்பார். போன வருஷம் இலவசக் கண் சிகிச்சை முகாம் வந்தப்போ பலவேசம் முறை. அவர் கண்ணுக்கு அளவெடுத்து, அதே பவர்ல நாலு கண்ணாடி வாங்கி நாலு பேரும் போட்டுக்கிட்டாங்க. அன்னையில இருந்து மத்த மூணு பேருக்கும் உலகம் கொஞ்சம் கலங்கலாத்தான் தெரிஞ்சது. வயசானா அப்படித்தான்னு இருந்துட்டாங்க.

பலவேசத்துக்கு உறவுன்னு சொல்லிக்க ஒரே ஒரு அக்காதான். பேரு வள்ளிமயில். பலவேசத்துக்குப் பத்து வயசு இருக்கும்போது கல்யாணமாகி பினாங்குக்குக் கப்பலேறினா. அம்மா செத்ததுக்கு ஒரு தடவை வந்துட்டுப் போனா, அதுவே முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. புருஷன் போயாச்சு, பிள்ளையும் இல்ல. பக்கத்து வீட்டு லெட்சுமிதான் துணை. அந்த அக்கா ஒருநாள் போன் பண்ணினா.

"எலே தம்பி, சித்திரை பத்தாந்தேதி எனக்கு எண்பது முடியுது. அன்னைக்கு நீ எங்கூட இருக்கணும். என் கையால ஒரு வாய் தேங்காய்ப்பால் சொதியும் சோறும் சாப்பிட்டுப் போயிருல. அதுக்கப்புறம் எனக்கு ஒரு ஆசையும் இல்ல."

பலவேசம் போனை வச்சார். அக்கா ஊட்டிவிட்ட சோத்து ருசி அறுபது வருஷமா நாக்குல இருந்திருக்கு, அவருக்கே அப்பத்தான் தெரிஞ்சது. போயே ஆகணும்னு முடிவு பண்ணினார். அவர் போனா மத்த மூணு பேரும் போகாம இருப்பாங்களா? பாஸ்போர்ட் எடுத்தாங்க. டிக்கெட் போட பஜார்ல இருக்கிற டிராவல்ஸுக்கு நாலு பேரும் போனாங்க. அங்கே செல்வராணின்னு ஒரு பொண்ணு, நல்ல பொறுமைசாலி.

"வாங்க தாத்தா."

"வயசை ஃபாரத்துல எழுதுத வரைக்கும் அண்ணாச்சின்னே கூப்பிடும்மா"ன்னார் சங்கரநயினார்.

"சரி அண்ணாச்சி. டிக்கெட் இருக்கட்டும், முதல்ல டிராவல் இன்சூரன்ஸ் எடுத்துருங்க. போற இடத்துல உடம்புக்கு ஏதாவது வந்தா ஆஸ்பத்திரிச் செலவு தாங்க முடியாது. எழுபது தாண்டினவங்களுக்கு ரேட்டு கொஞ்சம் கூட. சுகர், பிரஷர் இருந்தா அது ஒவ்வொண்ணுக்கும் இன்னும் கூட."

"எவ்வளவு கூட?"

"ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு மூவாயிரம். ஒவ்வொரு நோய்க்கும் மேல மேல ஏறும். ஆனா எதையும் மறைக்கக் கூடாது. ஒரு சின்னது விட்டாலும் கிளெய்ம் வராது. எல்லாத்தையும் எழுதிக் கொண்டாங்க."

எழுதிக் கொண்டாந்தாங்க. சங்கரநயினார் நாலு குயர் பேப்பர் வாங்கினார். முழங்கால் வலி, சுகர், பிரஷர், காது மந்தம் எல்லாம் முதல் பக்கத்துலயே முடிஞ்சு போச்சு. மறைக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்காளே. அதனால எழுபத்தி மூணாம் வருஷம் நாய் கடிச்சதை எழுதினாங்க. மிளகாய் கடிச்சா விக்கல் வரும்கிறதை எழுதினாங்க. மாடக்கண்ணு தன் மாமியாரைப் பார்த்தா கை நடுங்குறதை எழுதச் சொன்னார்.

"மாமியார் செத்து இருபது வருஷம் ஆச்சேவே."

"போட்டோ இருக்குல்லா அண்ணாச்சி. அதைப் பார்த்தாலும் நடுங்கும்."

எழுதினாங்க. செல்வராணி படிச்சுப் பார்த்துட்டு ஒரு தண்ணி பாட்டிலைக் காலி பண்ணினா. நோய் சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துக்கிட்டு ரேட்டு பார்த்துச் சொன்னா. சங்கரநயினாருக்குப் பதினோராயிரம், பொன்னுலிங்கத்துக்குப் பதிமூவாயிரம், மாடக்கண்ணுவுக்குப் பதினாலாயிரம். பலவேசத்துக்கு மட்டும் மூவாயிரம். நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தாங்க. "யோசிச்சுட்டு வாரோம்மா"ன்னு எந்திரிச்சாங்க.

பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சுல கூட்டம் நடந்தது.

"நோய்க்குத்தான் துட்டு, ஆளுக்கு இல்ல. அதைக் கவனிச்சேளா?"ன்னார் சங்கரநயினார்.

"கவனிச்சேன். மூணு ஆளுகிட்ட நோய் இருக்கு. ஒரு ஆளு சும்மா இருக்காரு"ன்னார் பொன்னுலிங்கம்.

"பஸ்ல எப்படிவே? நாலு பேரு மூட்டை முடிச்சையும் ஒருத்தர் மடியில வச்சிட்டா மத்தவங்க கை வீசிட்டு வரலாம்லா?"

பலவேசம் கண்டக்டரா இருந்தவர். இந்த நியாயம் அவருக்கு உடனே புரிஞ்சது. "ஆமா, எத்தனை தடவை பார்த்திருக்கேன். என் மடிதான் காலியாக் கிடக்கே. தாங்க, நான் வச்சுக்கிடுதேன்"னார்.

"உங்களுக்குக் கஷ்டமில்லையே அண்ணாச்சி?"ன்னு கேட்டார் பொன்னுலிங்கம்.

"எங்க அக்காவைப் பார்க்கத்தானே எங்கூட வாரீக? இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

பேச்சோட விடல. பொய்யா எழுதினா கிளெய்ம் வராதே. அதனால முறைப்படி ஒப்படைப்பு நடந்தது. பொன்னுலிங்கம் முப்பது வருஷ லேப் ரிப்போர்ட்டை மஞ்சப்பையில போட்டுக் கொடுத்தார். மாடக்கண்ணு காது மெஷினைக் கழட்டிப் பலவேசம் காதுல மாட்டினார். சங்கரநயினார் கைத்தடியை நீட்டினார். மாத்திரைகளை மட்டும் யாரும் கொடுக்கல. அது துட்டு கொடுத்து வாங்கினது, அவங்கவங்களே முழுங்கித் தீர்க்கணும்னு முடிவாச்சு. இந்த ஒரு விஷயத்துல அவங்க எல்லாருக்கும் நல்ல காலம்.

அன்னையில இருந்து பலவேசம் நொண்டி நொண்டி நடந்தார். சீனி இல்லாம காபி குடிச்சார். ரெண்டு காதும் நல்லாக் கேக்குற மனுஷன் மெஷினையும் மாட்டினதால, அடுத்த தெருவுல கடுகு தாளிச்சாலும் திடுக்கிட்டு எந்திரிச்சார். பொன்னுலிங்கம் கால் கிலோ அல்வா வாங்கிட்டு வந்தார். அவர் பொண்டாட்டி வாசல்லயே பிடுங்கிட்டா. "சுகர்தான் பலவேசம் அண்ணாச்சிகிட்ட இருக்கே"ன்னு எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அந்தம்மாவுக்கு இன்சூரன்ஸ் விவரம் பத்தாது.

நோய் மொத்தத்தையும் பலவேசம் பேர்ல எழுதின புது ஃபாரம் கம்பெனிக்குப் போச்சு. கம்பெனி சொன்ன டாக்டர்கிட்ட பலவேசம் போனார். டாக்டர் அரைமணி நேரம் சோதிச்சார்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே ஐயா."

பலவேசத்துக்குக் கோவம் வந்துட்டு. "நீங்க நல்லாப் பார்க்கல. இந்தா ஃபைல் இருக்கு, படிச்சுப் பாருங்க. என்னை நம்பி மூணு பேரு கொடுத்திருக்காங்க"ன்னு மஞ்சப்பையைக் கவுத்தினார்.

டாக்டர் ஃபைலையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். எதுக்கு வம்புன்னு எல்லாத்தையும் சேர்த்துக் கட்டி கம்பெனிக்கு அனுப்பி வச்சுட்டார்.

மாசி கடைசியில பதில் வந்தது. மூணு பேருக்கு மூவாயிரம் ரூபாயில பாலிசி ரெடி. பலவேசத்துக்கு மட்டும் ஒரு கடிதாசி. செல்வராணி அதைப் படிச்சா.

"அண்ணாச்சி, இத்தனை நோய் ஒருத்தருக்கு இருந்து அவங்க பார்த்ததே இல்லையாம். இன்னையில இருந்து தொண்ணூறு நாள் உங்க உடல்நிலையில எந்த மாற்றமும் இருக்கக் கூடாது. அப்படி இருந்தா மறுபடி பரிசீலிப்பாங்களாம். நடுவுல ஏதாவது மாற்றம் வந்தா உடனே தெரியப்படுத்தணும்."

"சித்திரை பத்துக்கு இன்னும் எத்தனை நாள்மா?"

"நாப்பது நாள் அண்ணாச்சி."

பலவேசம் காலண்டரையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம் கைத்தடியை ஊனிக்கிட்டு வெளியே போய் ஓரமா உக்காந்து அழுதார். செல்வராணிக்கு மனசு கேக்கல. "உண்மையை எழுதிப் புதுசா ஒரு ஃபாரம் போடுங்க அண்ணாச்சி, நாளைக்கே வாங்கித் தாரேன்"னா. சங்கரநயினார் அவளைக் கண்டிச்சார்.

"கம்பெனி தொண்ணூறு நாள் எந்த மாற்றமும் கூடாதுன்னு சொல்லியிருக்கு. நீ ஃபாரத்தையே மாத்தச் சொல்லுதியே, இது நியாயமா?"

மறுபடியும் டீக்கடை பெஞ்சு. வழி இருக்கவே இருக்கு, முறை. அண்ணாச்சிக்குப் பதிலா மூணு பேரும் பினாங்குக்குப் போறது, அக்காவைப் பார்க்கிறது. அண்ணாச்சி பார்த்த கணக்கு.

"அக்காவைக் கண்டதும் நீங்க என்ன செய்வீங்க?"ன்னு சங்கரநயினார் நோட்டுல குறிக்கத் தயாரானார்.

"அழுவேன்."

"எவ்வளவு நேரம்?"

பலவேசம் யோசிச்சார். "பத்து நிமிஷமாவது அழுவேன்வே."

"ஆளுக்கு மூணு நிமிஷம். ஒரு நிமிஷம் மிச்சம் வருதே."

"மூத்தவர் நீங்க, அதை நீங்களே அழுதிருங்க"ன்னார் மாடக்கண்ணு.

சொதிச் சோறு சாப்பிடுறது யாருங்கிறதுல மட்டும் கொஞ்சம் இழுபறி. அண்ணாச்சிக்கு இப்போ சுகர், பிரஷர் எல்லாம் இருக்கறதால, நோயில்லாத மூணு பேரும் பங்கு போட்டுச் சாப்பிடலாம்னு பொன்னுலிங்கம் தீர்ப்புச் சொன்னார். பலவேசம் தலையை ஆட்டினார், ஆனா அன்னைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கல.

அடுத்த நாள்ல இருந்து பலவேசம் மாறாம இருக்க ஆரம்பிச்சார். போட்டிருந்த காக்கிச் சட்டையை மாத்தல. முடி வெட்டல, சவரமும் பண்ணல.

"முடி வளருதே, அது மாற்றம் இல்லையா?"ன்னு மாடக்கண்ணு கேட்டார்.

"வெட்டினா நாம மாத்தினது. வளர்ந்தா அதுவா மாறினது. அதுக்கு நான் பொறுப்பில்ல"ன்னார் பலவேசம். ஆனாலும் கண்ணால பார்த்துட்டா தெரியப்படுத்தணுமேன்னு வீட்டுக் கண்ணாடி மேல துண்டைப் போட்டு மூடிட்டார்.

சின்ன மாற்றம்னாலும் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"அம்மா, நேத்து ரெண்டு தும்மல் வந்தது. இன்னைக்கு ஒண்ணுதான். குறைஞ்சிருக்கு, எழுதிக்கோங்க."

"சார், தும்மலுக்கெல்லாம் கூப்பிட வேண்டாம்."

"அது உங்க பெருந்தன்மை. நாளைக்கு எத்தனைன்னு சொல்லுதேன்."

அக்காவுக்கும் போன் போட்டார். "யக்கா, என்னால வர முடியல. கம்பெனியில மாறக் கூடாதுன்னுட்டாங்க. என் முறைக்கு மூணு பேரு வாராங்க. நீயும் இனிமே எனக்கு நல்ல சேதி, கெட்ட சேதி எதுவும் சொல்லாத. கேட்டா எனக்குள்ள ஏதாவது மாறிரும்"னு சொல்லிட்டு, தொண்டை அடைக்கிறதுக்குள்ள வச்சுட்டார். அடைச்சிருந்தா அதையும் தெரியப்படுத்தணுமே.

சித்திரை எட்டாந்தேதி மூணு பேரும் கிளம்பினாங்க. பலவேசம் தாடியும் காக்கிச் சட்டையுமா நின்னு வழியனுப்பினார். போகும்போது பொன்னுலிங்கம், "எங்க நோயைப் பத்திரமா பார்த்துக்கோங்க அண்ணாச்சி"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார்.

பத்தாந்தேதி காலையில பலவேசம் வீட்டு வாசல்ல ஒரு கார் வந்து நின்னுச்சு. ஒரு கிழவி இறங்கினா. கையில ஒரு பெட்டி, ஒரு தூக்குச்சட்டி.

"எலே பலவேசம்."

பலவேசம் வாசலுக்கு ஓடி வந்தார். அக்கா! தம்பி வர முடியலேன்னதும் அவளே கிளம்பி வந்துட்டா. நல்ல சேதி சொல்லக் கூடாதுன்னு தம்பி கேட்டுக்கிட்டானே, அதனால வாரேன்னு யாருகிட்டயும் சொல்லல.

"உனக்கு எண்பது வயசாச்சேக்கா, இன்சூரன்ஸ் எப்படிக் கொடுத்தாங்க?"

"எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையேல. எல்லாத்தையும் பக்கத்து வீட்டு லெட்சுமி பேர்ல எழுதிட்டேன். அவ சும்மாதானே இருக்கா"ன்னா வள்ளிமயில். ஒரே வயித்துப் பிள்ளைகள்.

அப்புறம்தான் தம்பியை நல்லாப் பார்த்தா. "என்னல இது கோலம்?"னு சத்தம் போட்டா. பலவேசம் மாற்றம், தொண்ணூறு நாள்னு என்னவோ சொல்லப் பார்த்தார். அக்கா சொல்லுக்கு மேல கம்பெனி சொல் நிக்குமா? பார்பரை வீட்டுக்கே வரவழைச்சு மொட்டையா ஒட்ட வெட்டி, தாடி மீசை எல்லாம் வழிச்சாச்சு. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க வச்சா. பெட்டியில இருந்து சிவப்புப் பூவும் பச்சை இலையுமா ஒரு பினாங்குச் சட்டையை எடுத்து மாட்டிவிட்டா. காது மெஷினைக் கழட்டி அலமாரியில வச்சா. அடுப்பைப் பத்த வச்சுச் சொதி காய்ச்சினா. தம்பியைப் பக்கத்துல உக்கார வச்சு உருட்டி உருட்டிக் கையில போட்டா. பலவேசம் வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டே அழுதார். நிப்பாட்டவே முடியல.

அந்த நேரம் பார்த்து அக்கா போன் அடிச்சது. பினாங்குல லெட்சுமி வீட்டுல இருந்து வீடியோ கால். அங்க மூணு பேரும் பூட்டின வீட்டு வாசல்ல நேத்துல இருந்து உக்காந்திருந்து, அப்புறம்தான் நம்பர் வாங்கிக் கூப்பிட்டிருக்காங்க. அக்கா போனைச் செம்பு மேல சாய்ச்சு வச்சா. அவ முகம் தெரிஞ்சதும் சங்கரநயினார் கைக்கடிகாரத்தைப் பார்த்துட்டு, "ம்"னார். மூணு பேரும் அழுதாங்க. ஆளுக்கு மூணு நிமிஷம். கடைசி ஒரு நிமிஷத்தைச் சங்கரநயினார் தனியா அழுது முடிச்சார்.

சத்தம் கேட்டுப் பலவேசம் நிமிர்ந்தார். "அட, நம்ம ஆளுங்கல்லா! எங்க அக்காவைப் பார்த்தாச்சாவே?"

"அண்ணாச்சி குரல் கேக்கு. ஊர்ல இருந்தே லைன்ல வந்துட்டாரு"ன்னு மாடக்கண்ணு பொன்னுலிங்கத்துகிட்ட சொன்னார். "பார்த்துட்டோம் அண்ணாச்சி. இப்பத்தான் முறையா அழுது முடிச்சோம்."

"எப்படி இருக்கா?"

மூணு பேரும் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு உத்துப் பார்த்தாங்க. "நல்லா இருக்கா. முடி நரைச்சிருக்கு. சிரிச்ச முகமா இருக்கா."

பலவேசத்துக்கு மனசு நிறைஞ்சு போச்சு. "போதும்வே, எனக்கு இது போதும். தனியா இருக்காளா?"

"இல்ல அண்ணாச்சி. பக்கத்துல எவனோ ஒரு மொட்டைக் கிழவன் உக்காந்திருக்கான். பூப்போட்ட சட்டை. நாங்க முடிச்சிட்டோம், அவன் இன்னும் அழுதுக்கிட்டே இருக்கான்."

"யாருவே அவன்?"

"கேட்டா நல்லா இருக்காது. நீங்கதான் தம்பி, நீங்களே கேளுங்க."

பலவேசம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "யக்கா, உன் பக்கத்துல மொட்டையா ஒருத்தன் உக்காந்து அழுதானாமே, யாருக்கா அது?"

வள்ளிமயில் திரும்பிப் பார்த்தா. மேலயும் கீழயும் நல்லாப் பார்த்து யோசிச்சா.

"பேரு கேக்கலையேல. ஆனா உனக்குன்னு வாங்கிட்டு வந்த சட்டை அவனுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான். நான்தான் என் கையால உருட்டிக் கொடுத்தேன்."

பலவேசம் கையில இருந்த கடைசி உருண்டையை வாயில போட்டுக்கிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"கொடுத்து வச்சவன்"னார்.